பேரனா, பிள்ளையா?

நம்மூரில் ஒரு பெண்ணின் வயதைக் கணிக்க ஆதார் அட்டை வேண்டாம்; இடுப்பில் ஒரு குழந்தை இருந்தால் போதும். 43 வயதில் மூன்று வயதுப் பையனோடு ரயில் ஏறினால், எதிர் சீட்டு அம்மா முறுக்கை நீட்டியபடியே, "மக வயித்துப் பேரனா, மகன் பிள்ளையா?" என்பார். மறுத்தால் போச்சு. கல்யாணம் ஏன் தள்ளிப்போச்சு, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கோயிலில் நேர்ந்துகொண்டது என்று அரக்கோணம் தாண்டுவதற்குள் விசாரணைக் கமிஷன் அறிக்கையே தயாராகிவிடும்.

அதனால் இப்போதெல்லாம், "பேரன்தாங்க" என்று சொல்லிவிடுகிறேன். பையன் நடுவில் "அம்மா" என்று கத்தினாலும் ஆபத்தில்லை. "பாட்டியை அம்மான்னு கூப்பிடுறது எங்க வீட்லயும் உண்டு" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இருபத்திரண்டில் பெற்ற என் தங்கைக்காவது விடுதலை உண்டா? "தம்பியாம்மா? அம்மா எங்கே?" உண்மையைச் சொன்னால், "படிக்கிற வயசுல ஏம்மா?" சரியான வயது என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேட்பவர் எந்த வயதில் பெற்றாரோ, அது.

அப்பாக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2021-இல் வந்த கருத்தரிப்பு உதவிச் சட்டமே பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வரம்பு வைத்து ஐந்து வருஷம் சலுகை தந்திருக்கிறது. சார்லி சாப்ளினுக்கோ கடைசி மகன் பிறந்தபோது வயது 73. இதைச் சொன்னால் எங்கள் தெரு மாமா எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதில்லை. மீசையைத் தடவிக்கொள்கிறார்.