இரண்டு நாய்களும் ஒரு சாவியும்

“முதல்ல அதைப் பாத்துட்டு வாங்க, அப்பத்தான் இது புரியும்” என்கிற ஆசாமிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வாக்காளர் பட்டியல் போட்டால், என் அக்கா மகன் பெயர் முதல் பக்கத்திலேயே வரும். போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போனவன், போன சாக்கில் அக்கா வீட்டில் தலையைக் காட்டினேன். டிவியில் ஒரு பையன், ஒரு வாத்து, ஒரு நாய் மூவருமாகச் சேர்ந்து கறுப்புக் கறுப்பாக எதையோ அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் கையில் ஆயுதம் என்னவென்று பார்த்தால், சாவி. முழங்கை நீளத்துக்கும் மேலே போகும் பெரிய சாவி. திண்டுக்கல்காரர் யாராவது பார்த்தால் பூட்டை நினைத்துக் கவலைப்பட்டிருப்பார். “என்னடா இது?” என்றேன். வீட்டுக்குள் நுழைகிறவன் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். அவன் கேமை நிறுத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டான். “இங்கிட்டு உக்காருங்க மாமா” என்றான். சனிக்கிழமை அத்தோடு முடிந்தது.

கேமின் பெயர் கிங்டம் ஹார்ட்ஸ். ஜப்பானில் ஸ்கொயர் என்ற கேம் கம்பெனியும் டிஸ்னியின் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்தனவாம். ஸ்கொயரைச் சேர்ந்த ஷின்ஜி ஹஷிமோட்டோ என்பவர் டிஸ்னிக்காரர் ஒருவரை லிஃப்டில் பார்த்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். 2002-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்து இறங்கியது வினை. இயக்கியவர் டெட்சுயா நொமுரா. பைனல் ஃபேன்டஸி கேம்களுக்குப் பாத்திரங்கள் வரைந்தவர். ஆகவே ஒரு பக்கம் மிக்கி, டொனால்டு, அலாதீன், டார்ஜான், தேன் குடிக்கும் வின்னி கரடி. இன்னொரு பக்கம், தலைமுடியைக் குத்திட்டு நிறுத்தி, தன்னைவிட நீளமான வாளோடு முறைக்கும் கிளவுடும் செஃபிரோத்தும். நம் ஊரில் லிஃப்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் மேலே எரிகிற எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம். நல்ல பழக்கம். இதுவரை நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

அவன் ஆடிக்கொண்டிருந்தது மூன்றாவது பாகம், 2019-இல் வந்தது. மூன்றாவது என்றால் முன்னால் இரண்டு இருக்கும் என்றுதான் என் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அப்படி இல்லை. 2004-இல் கேம்பாய் அட்வான்ஸில் ஒன்று. 2005-இல் இரண்டாவது. 2009-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் ஒன்று. அதற்குப் பெயரே 358/2 டேஸ். வகுத்துப் பார்த்து 179 என்றேன், முறைத்தான். 2010-இல் பிஎஸ்பியில் ஒன்று. 2012-இல் நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் ஒன்று. செல்போனில் வேறு. ஒரு கதையைக் கேட்டு முடிக்க ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையையே வாங்க வேண்டியிருந்திருக்கிறது. பிறகு புண்ணியவான்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மறுபடி விற்றார்கள். மூட்டைகளுக்குப் பெயர் 1.5, 2.5, 2.8. இந்த 2.8-க்குத் தலைப்பு ‘இறுதி அத்தியாயத்தின் முன்னுரை’ என்று பொருள்படும். அதற்குள் 0.2 என்று ஒன்று. அரை, கால், அரைக்கால் வாய்ப்பாடெல்லாம் எங்கள் தாத்தாவோடு ஒழிந்தது என்று நினைத்திருந்தேன்.

சரி, கதை. முழுக் கதையையும் ஒரே பத்தியில் சொல்லிவிடுவேன், கவலைப்படாதீர்கள். சாவிக்காரப் பையன் சோரா, ரிக்கு, கைரி என்று மூன்று சிறுசுகள் ஒரு தீவில் இருக்கிறார்கள். அந்தத் தீவை இருள் விழுங்குகிறது. இதே நேரத்தில் வேறொரு உலகத்தில் மிக்கி மவுஸ் ராஜா, ராணி மின்னி. ராஜா யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார், கடிதம் மட்டும் வைத்துவிட்டு. அதை வாயில் கவ்விக்கொண்டு வருவது புளூட்டோ. வாங்கிப் படிப்பது அரண்மனை மந்திரவாதி டொனால்டு. படித்ததும் அலறியடித்து ஓடித் தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் கூஃபியை இடிமந்திரம் போட்டு எழுப்புகிறது. கூஃபி அரசாங்கக் காவல்படைத் தலைவர்.

“நிறுத்து” என்றேன். “கூஃபி யாரு?”

“காவல்படைத் தலைவர் மாமா.”

“அது தெரியுதுடா. என்ன சாதி?”

பையன் கொஞ்சம் யோசித்து, “நாய்” என்றான்.

“புளூட்டோ?”

“...நாய்.”

நான் இராஜபாளையத்தான். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர் யாரும் பஞ்சாலையைப் பற்றிக் கேட்பதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவின் ஊரா என்றும் கேட்பதில்லை. “நல்ல குட்டி கிடைக்குமா?” என்பார்கள். வெள்ளை நிறம், ரோஜா மூக்கு, எஜமான் ஒருத்தனைத் தவிர உலகத்தில் யாரையும் மதிக்காத பார்வை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் இராஜபாளையமும் உண்டு. நான் நாய் வளர்ப்பவன் இல்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்தவனுக்கு நாய் விஷயத்தில் அபிப்பிராயம் இல்லாமல் இருக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் விடமாட்டார்கள்.

எனவே கேட்கிறேன். ஒரே அரண்மனை. ஒரே ராஜா, அதுவும் எலி. அவரிடம் இரண்டு நாய்கள். ஒன்றுக்குத் தொப்பி, கையுறை, காலணி, கேடயம், பதவி. இன்னொன்றுக்குக் கழுத்தில் ஒரு பட்டை. ஒன்று பேசும்; இன்னொன்று குரைக்கும். ஒன்று ராஜாவைத் தேட விண்வெளிக் கப்பலில் போகும். இன்னொன்று கடிதத்தை எச்சில் படாமல் கவ்விக்கொண்டு வரும். புளூட்டோ டிஸ்னி படத்தில் முதலில் தலைகாட்டியது 1930-இல். கூஃபி வந்தது 1932-இல். பணி மூப்புப்படி பார்த்தால் புளூட்டோதான் காவல்படைத் தலைவர். எந்த அலுவலகத்திலாவது இது நடந்திருந்தால் சங்கம் சும்மா விட்டிருக்குமா?

“அவரு வேற மாதிரி நாய் மாமா” என்றான் பையன். அவராம்! அதைக் கவனித்தீர்களா? கூஃபி ‘அவரு’, புளூட்டோ ‘அது’.

கூஃபிக்கு மகன் உண்டு என்பதையும் பையன்தான் சொன்னான். 1995-இல் அப்பனும் மகனும் காரில் மீன்பிடிக்கப் போகிற ஒரு சினிமா. 2000-இல் மகன் காலேஜ் சேர்கிற இன்னொரு சினிமா. ஒரு நாயின் மகன் பட்டம் வாங்கப் போகிறான். புளூட்டோவின் படிப்பு பற்றி யாரும் பேசவில்லை. கேமின் இரண்டாம் பாகத்தில் கூஃபியின் மண்டையில் பாறை விழுகிறது. செத்துவிட்டார் என்று நினைத்து மிக்கி ராஜா போட்டிருந்த அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்குப் பாய்கிறார். கொஞ்ச நேரத்தில் கூஃபி தலையைத் தடவிக்கொண்டு எழுந்து வருகிறார். புளூட்டோ தலையில் பாறை விழுந்திருந்தால் ராஜா அங்கியைக் கழற்றியிருப்பாரா? கேட்டேன். பையன் பதில் சொல்லாமல் அவன் அம்மாவைப் பார்த்தான். அக்கா, “அவனை விடு, இன்னொரு காபி குடிக்கிறியா?” என்றாள்.

இத்தோடு விட்டிருப்பேன், அவன் இன்னொன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால். இரண்டாம் பாகத்தில் சிங்கராஜா உலகம் ஒன்று வருகிறது. அங்கே மனிதர்களே கிடையாது, எல்லாம் மிருகம். அந்த உலகத்தில் ஒட்டிக்கொள்வதற்காக நம் ஆட்கள் மந்திரத்தால் மிருகமாகிறார்கள். சோரா சிங்கக்குட்டி ஆகிறான். நியாயம். டொனால்டு பறவை ஆகிறது. ஏற்கனவே அது பறவைதான், போகட்டும். கூஃபி? ஆமை. யோசித்துப் பாருங்கள். மிருகங்கள் மட்டும் வாழும் காட்டுக்குள் ஒரு நாய் போகிறது. நாயாகவே போகலாம். வாழ்நாளில் முதல்முறையாக எந்த வேஷமும் இல்லாமல் நாலு காலில் நடக்க ஒரு வாய்ப்பு. அதை ஆமையாக்குகிறார்கள்! கடலுக்கடியில் போனாலும் கடல் ஆமை. தான் நாய் என்பதை இந்த ஆள் எங்கேயும் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான் என் முடிவு.

என் தெருவில் நாய் வளர்த்து விற்பவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு படங்களையும் போனில் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். புளூட்டோவைப் பார்த்து, “காது ரொம்பத் தொங்குதுண்ணே, நம்ம ஊரு ரத்தம் இல்ல” என்றார். கூஃபியைப் பெரிதாக்கிப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார். “இதை விக்கிறதா இருந்தா வேண்டாம்ணே. ஓனருன்னு யாரையும் மதிக்காது. சம்பளம் கேக்கும்” என்றார். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர்தான்.

கதை. ஆமாம். வில்லன் பெயர் ஆன்செம். முதல் பாகம் முழுக்க ஆன்செம். இரண்டாம் பாகத்தில் அவர் ஆன்செமே இல்லை, நிஜ ஆன்செம் வேறு ஆள், இவர் சிஷ்யன், பெயரைத் திருடிக்கொண்டார். சிஷ்யனின் பெயர் செஹனார்ட். செஹனார்ட்டின் இதயம் தனியே போனது, அதுதான் பொய் ஆன்செம். உடம்பு தனியே போனது, அதற்கு ஸெம்னாஸ் என்று பெயர். அதற்கும் முன்னால் அந்த உடம்பே செஹனார்ட்டுடையது இல்லை, டெர்ரா என்ற அப்பாவியுடையது. இதுபோக இளவயது செஹனார்ட் காலப்பயணம் செய்து வந்து பக்கத்தில் நிற்கிறான். எல்லோரும் ஒரே அறையில் நின்றுகொண்டு “இருள்”, “ஒளி”, “இதயம்” என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். நம் உயிர் ஊசலாடும் நேரத்தில் குணமாக்கும் மந்திரம் போட வேண்டிய டொனால்டு வேறு பக்கம் திரும்பி நிற்கிறது.

எனக்கு எரிச்சல் குழப்பத்தால் இல்லை. வெவ்வேறு கதைகளை ஒன்றாகக் கோப்பது நமக்குப் புதிதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக்குப் போகிறது; அதை அணிந்துகொண்டு அழகர் வைகையில் இறங்குகிறார். புரட்டாசியில் திருப்பதிக் கருட சேவைக்கும் இங்கிருந்து மாலை போகிறது. அழகர் வருவது தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு. கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் திரும்புகிறார். தனித்தனியாக நடந்த இரண்டு திருவிழாக்களைத் திருமலை நாயக்கர்தான் சேர்த்துவைத்தார் என்பார்கள். சைவக் கல்யாணம், வைணவ அண்ணன், வில்லிபுத்தூர் மாலை, வண்டியூரில் துலுக்க நாச்சியார் கதை. நொமுரா நாலு பாகம் எடுத்திருப்பார். ஆற்றங்கரையில் நிற்கிற லட்சம் பேரில் ஒருத்தரையும் “போன திருவிழா பாத்தீங்களா?” என்று வடிகட்டியதில்லை. தோல்பைத் தண்ணீர் உங்கள் மேலும் விழும், என் மேலும் விழும். அதிலும் ஒரு தடவை என் பின்னால் நின்ற ஒருத்தர், அழகர் ஏன் தாமதமாக வந்தார் என்பதற்குத் தன் மனைவிக்கு மூன்று விதமான விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அழகர் ஆற்றில் இறங்கியதை இருவரும் பார்க்கவில்லை.

எனக்கு எரிச்சல் தருகிற இந்த “முதல்ல அதைப் பாத்துட்டு வாங்க” சினிமாவிலும் வந்துவிட்டது. 2022-இல் ‘விக்ரம்’ வருவதற்கு முன், 2019-இல் வந்த ‘கைதி’யை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று லோகேஷ் கனகராஜே கேட்டுக்கொண்டார். டிக்கெட்டும் வாங்கி வீட்டுப்பாடமும் எழுத வேண்டும். தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுப்பாடம் எழுதாதவர். பின்சீட்டுக்காரர் எழுதியவர். நடுவில் நான்.

கிங்டம் ஹார்ட்ஸ் நாலாவது பாகத்தை 2022 ஏப்ரலில் அறிவித்திருக்கிறார்கள். சோரா இப்போது பெருநகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கண்விழிக்கிறான். வாடகை பற்றித் தகவல் இல்லை. இடையில் மிஸ்ஸிங் லிங்க் என்று செல்போனுக்கு ஒரு கேம் தயாராகிக்கொண்டிருந்ததாம். 2025 மே மாதம் அதைக் கைவிட்டுவிட்டதாகக் கம்பெனியே அறிவித்துவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேலான இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரே பாகம் அதுதான். வெளிவராத கேம், பார்க்க வேண்டியதில்லை என்று பையனிடம் சொன்னேன். அவன் முகம் வாடியது. அந்தக் கதை முக்கியமாம். அது விளங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய ஒரு கேம் தெரிந்திருக்க வேண்டுமாம். அது 2013-இல் ஜப்பானில் மட்டும், கம்ப்யூட்டரில், ஜப்பானிய மொழியில் வந்தது. 2016-இல் இழுத்து மூடிவிட்டார்கள்.