திறலோன் முதல் அங்கிள் வரை

நான் பிறந்த கட்டடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. தேக்காச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், ஹேம்ப்ஷியர் சாலையில், அன்றைக்கு அது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மவர்கள் கேகே என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். 1966ல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 பிள்ளைகள் அங்கே பிறந்து மருத்துவமனையைக் கின்னஸ் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள், அதில் ஒருவன் நான். அதே ஆண்டில்தான் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு வாரியமும் அமைத்தது. என் வரவு யாரையோ கவலைப்பட வைத்திருக்கிறது.

மகள் மனவியல் படிக்கிறாள். எரிக் எரிக்சன் 1950ல் எழுதிய புத்தகத்திலிருந்து மனித வாழ்வின் எட்டுக் கட்டங்களை ஒரு தாளில் வரைந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தொட்டில் பிள்ளைக்கு உலகத்தை நம்பலாமா கூடாதா என்ற குழப்பத்தில் தொடங்கி, கிழப்பருவத்தில் வாழ்ந்தது போதும் என்ற நிறைவா, எல்லாம் வீணாய்ப் போச்சே என்ற விரக்தியா என்பதில் வந்து முடிகிறது. மாவுப் பாத்திரத்தை எடுக்கப் போனவனிடம், "அப்பா, நீங்க இப்ப ஏழாவதுல இருக்கீங்க. அடுத்தது கடைசி" என்றாள், எம்ஆர்டியில் நிலையத்தின் பெயரை அறிவிக்கும் குரலில்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை சொன்ன நம் இலக்கண மரபு ஆணையும் சும்மா விடவில்லை. 7 வயது வரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15ல் திறலோன், 16ல் காளை, 30 வரை விடலை, அதற்குமேல் எத்தனை வருடம் இருந்தாலும் முதுமகன்தான், வேறு பதவி உயர்வு கிடையாது. சிங்கப்பூரில் 15 வயதில் ஐசி எடுக்க வேண்டும், 30ல் புதுப் படத்தோடு திரும்பப் பதிய வேண்டும் என்று விதி செய்தவர்கள் பழம்புலவர்களோடு உட்கார்ந்து கோப்பி குடித்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பின்னாளில் 55ல் மூன்றாவது படமும் சேர்ந்தது. மத்திய சேமநிதி இல்லாத காலத்துப் புலவர்களுக்கு 55ன் மகத்துவம் தெரிந்திருக்க நியாயமில்லை.

1981ல் எடுத்த அந்த முதல் படம் இன்னும் நினைவிருக்கிறது. கமலைப் போல் காதை மூடிச் சீவிய முடி, அம்மா கட்டாயப்படுத்திப் பூசிய பவுடர், உலகத்தையே ஒரு கை பார்க்கப்போகிறவனின் பார்வை. தான் யார் என்று தேடி அலையும் பருவம் அது என்கிறார் எரிக்சன். (அவரே தம் குடும்பப்பெயரைப் பின்னாளில் தாமாக வைத்துக்கொண்டவர், ஆகவே அலைச்சல் தெரிந்த மனிதர்.) எனக்கு அலையவே வாய்ப்பில்லாமல், தேடவேண்டிய அடையாளத்தை எண் போட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, வரிசையில் நிற்க வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தின வாரம், சிராங்கூன் சாலையில் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருந்த கிளி ஜோசியரிடம் போனேன். அவர் கூண்டைத் தட்டினார். கிளி வெளியே வந்தது, அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போட்டது, நெல்மணியைக் கொத்திக்கொண்டு, மறு உத்தரவுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டது. அடுத்த இரண்டு வருடம் நானும் ஏறக்குறைய அப்படித்தான் வாழப்போகிறேன் என்பதைச் சீட்டைப் பிரிக்காமலே புரிந்துகொண்டிருக்கலாம். சீட்டில் முருகன் இருந்தார். "கூட ரெண்டு பேர் நிக்கிறாங்க பாரு தம்பி, பொம்பள யோகம்" என்றார் ஜோசியர். அந்த யோகம் கைகூட நான் விடலைப் பருவத்தைத் தாண்ட வேண்டியிருந்தது; கூடியபோதும், "வீவக வீட்டுக்கு எழுதிப் போடலாமா?" என்று நான் அவளிடம் கேட்டதுதான் காதலைச் சொன்ன வாக்கியம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அப்பா காலத்துச் சுவரொட்டிகள் இரண்டோடு நிறுத்தச் சொல்லின. நான்காவதாகப் பிறந்த நான் அவற்றைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு 21 வயதானபோது, 1987ல், முடிந்தவர்கள் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று பாட்டு மாறியது. அப்போது என்னால் நிமிர முடிந்தது, ஆனால் திருமணம் ஆகியிருக்கவில்லை.

எரிக்சனின் தாளையும் ஐசியையும்விட என் வயதைச் சரியாகக் கணக்கு வைத்திருந்தது தேக்காவில் ஒரு பூக்கடை. அம்மாவுக்கு மல்லிகை வாங்கப் போன காலத்தில் அந்த அக்கா என்னை "வாடா" என்பார், பிறகு "வா தம்பி". மனைவிக்கு வாங்கியபோது அவர் மருமகள் "அண்ணே" என்றாள். இப்போது கடையில் நிற்கும் பையன், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், "அங்கிள், சாமிக்கா?" என்று கேட்கிறான். வீட்டில் ஒருத்தி தலையிலும் வைக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அந்த அக்கா எடுத்துக் கொடுப்பதற்கு முன் நாரோடு ஒரு விரற்கடை கூட விட்டு நறுக்குவார். இவன் பிளாஸ்டிக் பைக்குள் அளந்து வைத்திருக்கிறான்.

இந்தச் சித்திரையில் பராபவ வருடம் அறுபது ஆண்டுச் சுற்றை முடித்துத் திரும்பி வந்தது. நான் பிறந்த வருடம். ஊரிலாக இருந்தால் மணிவிழா, மறுபடி தாலி, பந்தியில் சொந்தபந்தம். இங்கே ஜூலை முதல் ஓய்வு வயது 64 ஆகிறது என்ற நற்செய்தியும், மூத்தோர் சலுகை அட்டையும் கிடைத்தன. சாலையோரக் கம்பத்தில் அந்த அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் நமக்காகச் சில நொடிகள் கூடுதலாக நிற்பான். அந்த நொடிகளைத் தருவது ஹேம்ப்ஷியர் சாலைக் கட்டடத்துக்காரர்கள்தான், என் முதல் நொடியும் அங்கேதான் கிடைத்தது.

போன வாரம் முதன்முதலாகத் தட்டினேன். தட்டியதை யாராவது பார்த்துவிட்டார்களோ என்ற வெட்கத்தில் ஓட்டமும் நடையுமாக, 15 வயதுத் திறலோன்கூடக் கடந்திருக்காத வேகத்தில் அக்கரைக்குப் போய் நின்று, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். பச்சை மனிதன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கார்கள் காத்திருந்தன. எனக்குக் கிடைத்த நொடிகளில், கைப்பேசியைப் பார்த்தபடி, ஒரு விடலை சாவகாசமாகக் கடந்துகொண்டிருந்தான்.