பண்டிகைப் பரிசில் பட்சபாதம் நீக்கும் வகை

ராஜ்யங்களைப் பங்கிடுவதற்கு உடன்படிக்கைகளும், சொத்துகளைப் பங்கிடுவதற்கு வக்கீல்களும், ஆற்று நீரைப் பங்கிடுவதற்கு நடுவர் மன்றங்களும் ஏற்பட்டிருக்க, மூன்று பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசைப் பங்கிட்டுக் கொடுக்கும் அவற்றினும் கடினமான காரியத்தை மட்டும் யாதொரு சாஸ்திரத் துணையுமின்றித் தாய் தந்தையர் தலையில் சுமத்திவிட்டிருப்பது அறிஞர் உலகத்தின் பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். அக்குறையை ஒருவாறு நீக்கும்பொருட்டு, சிறுவாச்சூரையும் அதனைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர்ச் சீமைகளையும் ஆராய்ச்சிக் களமாகக் கொண்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூவகைப் பிரமாணங்களாலும் இவ்விஷயத்தை விசாரிக்கப் புகுகிறோம்.

முதற்கண் நிதி நிலைமை. இச்சீமையின் கரிசலில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளமும் பருத்தியும் பணமாகிக் கைக்கு வருவது பெரும்பாலும் தை பிறந்த பிறகே. வரதராசன்பேட்டைப் பக்கத்து முந்திரியோ பங்குனி, சித்திரைக்கு முன் கண் திறப்பதில்லை. சின்ன வெங்காயத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது சின்ன வெங்காயத்துக்கே தெரியாது. டிசம்பர் 25-ஆம் தேதி இவற்றில் எதற்கும் காத்திராமல் மார்கழி பத்தாம் நாளையொட்டி வந்து நின்றுவிடுகிறது. ஆகவே மாதந்தோறும் கட்டிய சீட்டுப் பணமே குடும்பத் தலைவனுக்குக் கதி. அதில் துணிமணி, கேக், குடிலுக்கான சீரியல் பல்பு எல்லாம் போகப் பிள்ளைகளின் பரிசுக்கென்று 2,000 ரூபாய் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 666 ரூபாய். மீதி இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாய்க்கு இரண்டு மிட்டாய் வாங்கினால் மூவரிடையே அதுவே புதிய வழக்கு. கணித சாஸ்திரம் இவ்வாறு முதற்படியிலேயே கைவிரித்துவிடுவதால், நாம் பெரியோர் உரையை நாட வேண்டியிருக்கிறது.

உரைப் பிரமாணங்களுள் தலையாயது விவிலியத்து யாக்கோபு வழக்கு. பன்னிரண்டு புதல்வர்களைப் பெற்ற அம்மகான், யோசேப்பு ஒருவனுக்கு மட்டும் அழகிய அங்கி செய்து கொடுத்ததன் பலன், அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளி, இருபது வெள்ளிக்காசுக்கு விற்று, எகிப்துக்கு அனுப்பிவிட்டார்கள். நம் பக்கத்து முன்னுதாரணமும் இதற்குச் சளைத்ததன்று. கைலாயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கிடையே ஒரே ஒரு பழம் வந்ததனால் இளைய பிள்ளை கோபித்துக்கொண்டு மலையேறிப் பழநியில் நின்றதை அறியாதார் இலர். ஆனால் நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்து மேற்றிராணியாராக இருந்த புனித நிக்கோலாஸ், வறியவன் ஒருவனுடைய மூன்று பெண்களின் கலியாணத்துக்கு மூன்று பொற்பைகளை வழங்கியபோது, அவற்றை ஒரே சமயத்தில் பட்டப்பகலில் கொடுக்காமல், ஒவ்வொன்றாக, இரவில், ஒருவரும் அறியாதபடி வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்பது ஐதிகம். பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உருமாறிய இப்பெருமானின் கொடைக்குணத்தை மெச்சிய உலகம், அக்கொடையின் உபாயத்தைக் கவனிக்கத் தவறிவிட்டது.

இனிக் காண்டல். 2003-ஆம் ஆண்டில் பிராஸ்னன், டி வால் என்னும் இரு ஆராய்ச்சியாளர் கபுச்சின் குரங்குகளை வைத்து நடத்திய சோதனையில், அதுவரை வெள்ளரித் துண்டைத் திருப்தியாகத் தின்றுகொண்டிருந்த குரங்கு, அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்கு திராட்சை வாங்குவதைக் கண்டதும் தன் வெள்ளரியை ஏற்க மறுக்கலாயிற்று. மனிதக் குழந்தை இதனினும் நுட்பமான கணக்கன். பொட்டலத்தை முதலில் இரு கைகளாலும் தூக்கிப் பார்த்து, பிறகு காதோரம் வைத்துக் குலுக்கி, அதன்பின் கடைக்கண்ணால் அண்ணன் மடியில் இருப்பதை அளந்து, மூன்று விநாடியில் தணிக்கையை முடித்துவிடுகிறது. 650 ரூபாய்க் கைக்கடிகாரம் சிறு டப்பியில் அடங்கிவிட, 250 ரூபாய்ப் பிளாஸ்டிக் கிரிக்கெட் செட் கையகலத்துக்கு அடங்காமல் நீண்டு கிடந்தால், கடிகாரம் பெற்றவன் தான் வஞ்சிக்கப்பட்டதாகவே தீர்மானிக்கிறான். தகப்பன் ரூபாயில் கணக்கெழுதுகிறான். பிள்ளையோ பருமனிலும் ஓசையிலும் எண்ணிக்கையிலும் அதைத் தணிக்கை செய்கிறது. எல்லா வழக்குகளுக்கும் மூலம் இதுவே.

இதற்குப் பரிகாரம் சொன்னவர்களுள் ‘ஒரே பீஸ்’ சம்பிரதாயத்தார் பழமையானவர்கள். ஜவுளிக்கடையில் ஒரே துணியைக் கிழித்து வாங்கி, பெரியவனுக்குச் சட்டை, நடுவளுக்குப் பாவாடை, கடைக்குட்டிக்கு ஜிப்பா என்று டெய்லரிடம் கொடுத்து, நள்ளிரவுத் திருப்பலிக்கு மூவரையும் ஒரே பூப்போட்ட துணியில் வரிசையாக அழைத்துச் செல்வது இவர்கள் மரபு. சமத்துவம் அன்றிரவு பூரணமாகவே விளங்கும். ஆனால் வளர்கிற பிள்ளை என்று நாலு விரற்கடை தாராளமாகத் தைத்த அத்துணி எளிதில் கிழியாது. கடைக்குட்டி தன் ஜிப்பா சிறுத்தபின் அக்காள் பாவாடையை வெட்டித் தைத்த டிரவுசரையும், அதுவும் சிறுத்தபின் அண்ணன் சட்டையையும் போட்டு, அதே பூக்களோடு ஐந்தாறு வருஷம் பவனி வர நேர்கிறது. ஓர் இரவின் சமத்துவம் இவ்வாறு ஒருவனுடைய பால்யம் முழுவதையும் விழுங்கிவிடுவதால், இக்கொள்கை நம்மால் தள்ளப்படுகிறது.

அடுத்தது பொருளாதார நிபுணர் கட்சி. ஜோயல் வால்ட்ஃபோகல் என்பார் 1993-இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களை விசாரித்து, கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, பெறுபவர் மதிப்பில் வீணாகிறது என்று கணித்தார். அப்படியானால் ரொக்கமாகவே கொடுத்துவிடலாமே என்று இக்கட்சியினர் வாதிப்பார்கள். அமெரிக்காவுக்கு அது பொருந்தலாம். இங்கே உறையிலிட்டுக் கொடுத்த 666 ரூபாயைப் பொங்கலுக்குள் தகப்பனாரே கைமாற்றாக வாங்கிக்கொள்வார். அது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே சிறுவாச்சூர்ச் சித்தாந்தத்தையே நாம் சரணடைகிறோம். மதுரகாளியம்மன் கோயில் விசேஷ நாள்கள் நீங்கலாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். மற்ற நாள்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருப்பதாக ஊரார் சொல்வார்கள். ஏழில் இரண்டு நாள் என்பது எண்ணிக்கையில் குறைவு. ஆயினும் அந்த இரண்டு நாளில்தான் ஜனங்கள் திரண்டு வந்து, கோயிலிலேயே மாவிடித்து மாவிளக்கு ஏற்றுகிறார்கள். ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா என்று இவ்விடத்தில் யாரும் கேட்பதில்லை. ஏனெனில் இரண்டையும் நிறுக்க ஒரு தராசு இல்லை. இதிலிருந்து கருதலளவையால் பெறப்படுவது யாதெனில், பங்குகளைச் சமமாக்குவதைவிட ஒப்பிடவொண்ணாதவை ஆக்குவதே நியாயம் என்பதாம். 2,000 ரூபாய்க்கு மூவருக்கும் பொதுவில் ஒரு பழைய சைக்கிள் வாங்குக. பள்ளிக்கூடத்துக்கும், அம்மா சொல்லும்போது கொத்தமல்லி வாங்கவும் ஓட்டிச் செல்லும் ஐந்து நாள் மூத்தவனுக்கு. வேலையொன்றுமில்லாத சனியும் ஞாயிறும் நடுவளுக்கு. பெடல் எட்டாத கடைக்குட்டிக்கு ஏழு நாளும் பெல் அடிக்கும் பூரண உரிமை.

இச்சித்தாந்தத்தை நிறுவிவிட்டோம் என்று நாம் நிமிரும் வேளையில், திண்ணையிலிருக்கும் அப்பாயி சுருக்குப் பையை அவிழ்த்து, கடைக்குட்டியின் கையில் நூறு ரூபாய்த் தாளை மடித்துத் திணித்து, “உங்கண்ணங்கிட்ட சொல்லிராதடா” என்கிறாள். பட்சபாதம் என்று பதறவேண்டியதில்லை. நடுவளிடமும் அண்ணனிடமும் தனித்தனியே அதே தொகையை அதே எச்சரிக்கையோடு அவள் முன்னமே கொடுத்தாயிற்று. நிக்கோலாஸ் முனிவரின் உபாயத்தை அறிந்து கையாளும் ஆசிரியர் இப்பிரதேசத்தில் அவள் ஒருத்தியே ஆதலால், நம் சைக்கிள் திட்டத்தை அவள் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பித்து இவ்வாராய்ச்சியை முடிக்கிறோம்.