பின்கதவுக் கைப்பிடியின் இடப்பெயர்ச்சி: நான்காம் ஸ்விஃப்ட் குறித்த நாஞ்சில் நாட்டு உரைமரபுகள் – ஓர் ஆய்வு

2024 மே 9 அன்று மாருதி சுசுகி நிறுவனம் நான்காம் தலைமுறை ஸ்விஃப்டை வெளியிட்டது. அன்றைய ஆரம்ப விலை 6.49 லட்சம். வண்டி நாகர்கோவில் வந்து சேருமுன்பே வடசேரிச் சாயாக்கடைகளில் அதற்கு உரைகள் வந்துவிட்டன. மூலத்துக்கு முன்னால் உரை வருவது தமிழில் புதிதல்ல. மூலமே கிடைக்காத நூலுக்கு உரை எழுதிப் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே ஆரோக்கியமாக நடமாடுகிறார்கள். ஆனால் இந்த உரைகளைத் தொகுத்துப் பாடபேதம் கண்டு, இடைச்செருகல் களைந்து வெளியிட்டவர் எவருமிலர். பல்கலைக்கழகங்கள் இதைவிடப் பெரிய பணிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைப்பின் பின்னும் 'ஓர் ஆய்வு' என்று சேர்ப்பது லேசான வேலையா? எனவே இப்பாரம் இந்த ஆய்வாளன் தலையில் இறங்கியது.

முதலில் ஆய்வெல்லை. நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களே. கல்குளமும் விளவங்கோடும் அதில் அடங்கா என்பது கண்டிப்பானவர்கள் கொள்கை. அதன்படி நாகர்கோவில் எண்ணான டிஎன் 74 பூண்ட வண்டிகளின் சாட்சியம் அகச்சான்று. மார்த்தாண்டத்து டிஎன் 75 புறச்சான்று. களியக்காவிளை தாண்டி வரும் கேஎல் எண்கள் அயல்நாட்டு யாத்திரிகர் குறிப்புகள். இப்பாகுபாட்டால் தக்கலைக்காரர்கள் மனம் வருந்தினால் அதற்கு ஆய்வு பொறுப்பாகாது.

அடுத்து, ஸ்விஃப்ட் 'ஹாட் ஹேட்ச்' என்னும் திறன்மிகு சிறுவண்டி வகையில் சேருமா என்ற வினா. சேராது என்பதே அறிஞர் துணிபு. அவ்வகையை உலகறியச் செய்தது 1976-இல் வந்த கோல்ஃப் ஜிடிஐ. ஸ்விஃப்டிலும் 1.4 லிட்டர் டர்போவோடு 140 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட் வகை ஒன்று இருந்தது. அதை இந்தியாவில் விற்கவேயில்லை. 145 குதிரையோடு வந்த அபார்த் புன்டோ போயிற்று, பலேனோ ஆர்எஸ் போயிற்று, 2022-இல் போலோவும் போயிற்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் விதிப்படி, புகைக்குழாய் மாற்றி, பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் ஒட்டிய ஸ்விஃப்டே நம் பக்கத்து ஹாட் ஹேட்ச். சூட்டைப் பற்றி மேலும் ஐயமுறுவோர் கடையில் ரசவடையைத் தொட்டுப் பார்த்துத் தெளிக.

சான்றுகள் இருவகை. ஒன்று வாய்மொழி (வடசேரி, மாலைப் பதிவு). மற்றது எழுத்து (ஒர்க்‌ஷாப் பில்களின் பின்பக்கம்). இனி மரபுகள்.

நான்குருளையார் மரபு. பழைய என்ஜின் 1197 சிசி, நான்கு சிலிண்டர், 90 குதிரைத்திறன். புதியதும் அதே 1197 சிசிதான்; சிலிண்டர் மூன்று, குதிரை 82. சொத்து அப்படியே இருக்க, பங்காளி ஒருவர் குறைந்திருக்கிறார். மொத்த வரும்படியோ கூடவில்லை, குறைந்திருக்கிறது. மருமக்கள் வழிச் சொத்து வழக்குகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிய மண்ணுக்கு இந்தக் கணக்கு உறுத்தத்தானே செய்யும்? "நாலாவது சிலிண்டர எங்கவே கொண்டு போனான், கேஸ் ஏஜென்சிக்கா?" என்பது இம்மரபின் மூலச் சூத்திரம் (செட்டிகுளம், கிழக்குப் பெஞ்சு, 'எங்கவே' என்பதற்கு 'எங்கலே' என்றும் பாடம், வயது வித்தியாசம் கருதி).

அற்றேல் கம்பெனி ஏன் குறைத்தது எனின், உருளை குறைந்தால் உராயும் உறுப்புகள் குறையும், உராய்வு குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும் என்க. அதற்கு விலையும் உண்டு. நான்கு சிலிண்டரில் தண்டு 180 பாகை சுழல்வதற்கு ஒரு வெடிப்பு. மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. தவிர, மூன்றுக்கு முன்னும் பின்னும் தலையாட்டும் இயல்பு உண்டு. நிறுத்திய வண்டியில் கியர்க் கம்பைத் தொட்டால் அந்த ஆட்டம் விரலுக்குத் தெரியும். இதை நிறுவ ஒருமுறை ஓடும் என்ஜினின் பானட் மேல் ஒரு கிளாஸ் சாயாவை வைத்து நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். சாயாவின் மேல் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. "பாத்தியா?" என்றார் ஒருவர். அது ரோட்டில் போன டாரஸ் லாரியால் வந்த அலை என்றார் மற்றவர். லாரி போனபின் மீண்டும் பார்க்க முயன்றபோது கடைக்காரர் வந்து கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுசோதனை செய்யப்படாத முடிவு என்ற வகையில் இது நம் ஆய்வேடுகள் பலவற்றுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

டீசலார் மரபு: 2020-இல் டீசல் ஸ்விஃப்ட் நின்றது; அதற்குப்பின் வந்த எதையும் இவர்கள் கார் என்று ஒப்புவதில்லை.

மைலேஜார் மரபு: லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்பது கம்பெனி வாக்கு. அது சோதனைக்கூடத்தில் கிடைத்தது. சோதனைக்கூடத்துக்குள் திங்கள்சந்தை இல்லை.

தகரவாதிகள் மரபு. இவர்கள் கருவி நடுவிரலின் கணு. கதவைத் தட்டி, காதைச் சாய்த்து, 'பப்படம்' என்று தீர்ப்புச் சொல்வார்கள். முந்தைய ஸ்விஃப்ட் 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரேயொரு நட்சத்திரம் வாங்கியது. புதிய ஸ்விஃப்டின் உடன்பிறப்பான டிசையர் 2024 நவம்பரில் அதே அமைப்பிடம் ஐந்து வாங்கியது. ஆறு ஏர்பேக் இப்போது அடிநிலை வண்டிக்கும் உண்டு. இவற்றை எடுத்துச் சொன்னபோது, "நட்சத்திரம் ஜோசியரு பாப்பாரு, நாம தகரம் பாப்போம்" என்று விடை வந்தது (ஒழுகினசேரி ஏடு: பில்லின் பின்பக்கம், கிரீஸ் படிந்த மேல்மூலை, வரி 3, 'தகரம்' என்னும் சொல் வேறு பேனாவால் அடித்துத் திருத்தப்பட்டுள்ளது, முந்தைய சொல் அச்சேறத் தக்கதன்று).

சாலையியலார் மரபு. புதிய வண்டியின் சஸ்பென்ஷன் இளகியதா இறுகியதா என்று ஆராயும் இவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்றும், 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பள்ளங்களும் இயற்கை தந்த ஆய்வுக்கூடங்கள். இங்கே ஒரு சிறு விலகல் வேண்டியிருக்கிறது. காந்தளூர்ச் சாலையில் இராசராசன் அறுத்தது கப்பலா, உண்கலமா, வழக்கா என்று ஒரு நூற்றாண்டாக அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தேரூர் தந்த கவிமணியே அதுபற்றி ஒரு நூல் எழுதினார். அவரவர் எந்த ஊரார், எந்த அரசனின் கட்சி என்று தெரிந்தால் அறுந்தது எது என்று நாமே சொல்லிவிடலாம். நல்லவேளையாகத் தக்கலைச் சாலையில் அறுவது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை: லோயர் ஆர்ம் புஷ்.

இனி நூலின் உயிர்நிலையாகிய கைப்பிடிப் படலம்.

2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும், 2011-இல் வந்த இரண்டாவதிலும் பின்கதவின் கைப்பிடி கதவில் இருந்தது. 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாவதில் அது காணாமல் போயிற்று. நான்காவதில் மீண்டும் கதவுக்கே வந்துவிட்டது. இந்த ஆறாண்டுக் காலத்தை 'கைப்பிடி மறைந்த காலம்' என்று வழங்கலாம். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று வழங்கியவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல உரிமையற்றவர்கள்.

மறைந்த கைப்பிடி எங்கே போயிற்று? கண்ணாடிக்குப் பின்னால், கூரையைத் தாங்கும் தூணை ஒட்டிய கறுப்புப் பகுதிக்குள், செங்குத்தாக ஒளிந்துகொண்டது. பின்கதவே இல்லாத இருகதவு வண்டி போலப் பக்கவாட்டில் ஒரு பகட்டு வரவேண்டும் என்பது நோக்கம். இதன் வரலாறு பழையது. 1997-இல் இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ 156 இதைப் புகழ்பெறச் செய்தது. 2010-இல் அது செவ்ரோலே பீட் வடிவில் இந்தியாவில் அவதரித்தது. 2016-இல் மகிந்திரா கேயுவி 100-இல் தென்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் கைப்பிடி ஸ்விஃப்டின் தூணில் ஏறியிருந்தது. உடல் விழுந்து சில வாரங்களுக்குள் வேறுடல். திருமூலருக்கு மாடு மேய்ப்பவன் உடல் வாய்த்ததுபோல இதற்கு ஸ்விஃப்ட் வாய்த்தது என்று கொள்வதில் தடையில்லை. இடையில் கேயுவி 100-இல் ஒரே சமயத்தில் இருந்ததே எனின், சித்தர்கள் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் தோன்றுவர் என்க. 2020-இல் அது டாட்டா ஆல்ட்ரோஸிலும் தோன்றியது. 2024 ஜூனில், 120 குதிரைத்திறன் கொண்ட ஆல்ட்ரோஸ் ரேசர் என்னும் உண்மையான சூட்டு வண்டியிலும் அதே தூணில்தான் இருந்தது. ஸ்விஃப்டை விட்டு நீங்கியதற்கும் ரேசரில் தோன்றியதற்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

மறைந்த காலத்தின் சமூக வரலாற்றை ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்றாலே எழுதிவிடலாம். பெரியவள் ஒருத்தி வருகிறாள். ஒரு கையில் பட்டுச்சேலை முந்தானை, மறு கையில் தேங்காயும் வெற்றிலையும் கனக்கும் தாம்பூலப் பை. கதவில் கை வைக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று வெறும் தகடு. கண்ணாடியின் அடி விளிம்பைத் தடவுகிறாள். கதவின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்க்கிறாள். முன்கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, உள்ளே இருந்தவரை வெயிலுக்குக் காட்டுகிறாள். பிறகு நிமிர்ந்து, "மக்களே, இந்தக் கதவுக்குப் பிடியே இல்லியே, கண்ணாடிய இறக்கி உள்ள சாடணுமாக்கும்?" என்கிறாள். மருமகன் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிடுகிறான். இதைப் பார்த்த அயலார், மாமியாருக்குக் கார்க்கதவு திறந்துவிடும் மருமகன் இந்தக் காலத்திலும் உண்டே என்று வியந்தார்கள்.

இதனால் கைப்பிடி மறைவைப் போற்றுவாரும் தோன்றினர். மரியாதை வளர்ந்தது என்பது அவர் வாதம். குழந்தைக்குக் கை எட்டாததால் பள்ளி வாசலில் தானே திறந்து இறங்கி ஓடாது என்பதும் சேர்ப்பர். இதை மறுப்பவர், குழந்தை உள்ளிருந்து திறக்கும் பிடி உள்ளேதானே இருக்கிறது என்பர். இவ்விரு கட்சியாரையும் மறுத்து, பின்சீட்டில் ஏறுகிற யாருக்குமே கார் ரசனை கிடையாது, அவர்கள் சௌகரியத்தை வைத்து வடிவத்தைத் தீர்மானிப்பது இலக்கணப் பிழை என்னும் மூன்றாம் கட்சியும் உண்டு (வேப்பமூடு வாய்மொழி, இரண்டாம் சாயாவுக்குப் பிற்பட்டது, பஸ் ஹாரனால் நடுவில் இரு சொற்கள் சிதைந்தன, அவற்றை இவ்வாய்வாளன் தன் யூகத்தால் நிரப்பி அடைப்புக்குறி இடாமல் விட்டிருக்கிறான், பதிப்புலக வழக்கம் அதுவாதலின்). கடல்கொண்ட நாடுகளை நாற்பத்தொன்பது என்று உரையாசிரியர் கணக்குச் சொன்ன கரை இது. எதிரே நிற்கும் கதவின் கைப்பிடிக்கு ஒரு கணக்கு வேண்டாமா?

மேல்நாட்டு ஒப்பீடும் தருவோம். எட்டாம் தலைமுறை கோல்ஃபில் ஸ்டியரிங்கின் பொத்தான்களை எடுத்துவிட்டுத் தடவினால் வேலை செய்யும் பட்டைகளை வைத்தார்கள். வாங்கியவர்கள் வசை பாடினார்கள். 2024-இல் புதுப்பித்தபோது பொத்தான்கள் திரும்பி வந்தன. கை பழகிய இடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து ஒளித்துவைப்பது ஒரு புதுமை. அதையே திரும்பக் கொடுப்பது அடுத்த புதுமை. அந்தப் புதுப்பித்த கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது: 265 குதிரை, 53 லட்சம், 150 வண்டி. முன்பதிவுக்கு முன்னால் ஒரு வினாடி வினாவும் வைத்தார்கள். 53 லட்சம் கொடுப்பவனுக்கு நுழைவுத் தேர்வு! ஆய்வு வழிகாட்டிகளுக்கு இப்படி ஒன்று வைக்கவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தோன்றியதில்லை.

முடிவுகளுள் ஒன்றை மட்டும் குறிப்போம். ஒருவர் வீட்டு முற்றத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் புதிய ஸ்விஃப்ட் பற்றிய அவர் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை. 2011 வைத்திருப்பவருக்கு 2018-இல் அழகு செத்தது. 2018 வைத்திருப்பவருக்கு 2024-இல். ஆக்டிவா வைத்திருப்பவருக்கு எதிலுமே என்ஜின் சரியில்லை. நான்காம் ஸ்விஃப்டை வாங்கியவர்கள் சாயாக்கடைக்கே வரவில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொருளோடு நேரடித் தொடர்பு உடையவர்களாதலின் அவர்கள் கூற்றை ஆய்வுநெறி கருதி விலக்கினோம்.

இரண்டாம் கட்ட ஆய்வுக்கு நிதி தேவைப்படுகிறது. செலவினம் வருமாறு: நான்காம் ஸ்விஃப்ட் ஒன்று, மேனுவல் கியர். பெட்ரோல், மூன்று ஆண்டுகளுக்கு. சாயா கிளாஸ் ஒன்று, கடைக்காரர் திரும்பக் கேட்காத வகையில். ஆடி மாத ஆரல்வாய்மொழிக் களப்பணிக்குப் படி. நிதிக்குழு வண்டிக்கு மட்டும் ஒப்புதல் தந்து மற்றவற்றை வெட்டினாலும் ஆய்வாளன் வருந்தமாட்டான். நிறம் சிவப்பாக இருத்தல் நலம்.