குழாய்க்கு முந்தைய மூன்று நிமிடம்

மயக்க மருந்து படித்துவிட்டு வாளையார் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் சேர்ந்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால்தான் பார்த்தோம். உதடு, நாக்கு, நகக்கண். தியேட்டர் என்றால் கத்தி பட்ட இடத்தில் கசியும் ரத்தத்தின் நிறம். "ரத்தம் கறுப்பா வருது டாக்டரே" என்று சர்ஜன் தலை நிமிராமல் சொல்வார். காற்றூட்டும் ஆம்பு பையை அழுத்தும் கை தானாக வேகமெடுக்கும். இன்னொரு கையின் விரல் நோயாளியின் நெற்றிப்பொட்டில் நாடியைப் பிடித்தபடி இருக்கும்.

அந்த நிறக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது மலையேறி இடுக்கிப் பக்கம் வேலைக்குப் போனபோதுதான் உறைத்தது. நூறு மில்லி ரத்தத்தில் சுமார் ஐந்து கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும் என்று படித்திருந்தோம். தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் பலருக்கு ஹீமோகுளோபின் மொத்தமே ஏழு, எட்டுதான். ஏழில் ஐந்து போகும்வரை உயிர் காத்திருக்காது. தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து கம்பளியில் சுற்றித் தூக்கி வருவார்கள். மூச்சு இரைக்கும், உதடு வெளிறியிருக்கும், நீலம் மட்டும் வராது. ரத்தசோகைக்காரர்களுக்கு நிறம் கடைசிவரை பொய்தான் சொல்லும்.

ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் இருந்த டகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974இல் இதற்கு ஒரு வழி கண்டார். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு வகை ஒளியை உடலின் வழியே செலுத்தி, நாடி துடிக்கும்போது அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிட்டால் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். எண்பதுகளில் அமெரிக்கத் தியேட்டர்களுக்குள் நுழைந்த அந்தக் கருவி, எங்கள் மலைக்கு ஏறிவரத் தொண்ணூறுகள் ஆயிற்று. வந்ததும் ஒன்றே ஒன்று. தியேட்டர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு வந்த ஆரோக்கியமான ஆளின் விரலில் அது இருக்கும். வார்டில் நிமோனியாவோடு திணறுகிறவருக்குக் கிடைக்காது.

வார்டில்தான் அது அதிகம் தேவைப்பட்டது. மூச்சு முட்டுகிறவருக்குத் தொண்டை வழியாக ட்யூப் போடுவது அப்போது ஓட்டப்பந்தயமாகத்தான் நடந்தது. "சீக்கிரம் ட்யூபைப் போடுங்கய்யா" என்று வாசலில் உறவுக்காரர்கள் கெஞ்சுவார்கள். எல்லோர் கண்ணும் ட்யூப் உள்ளே போகிற நொடியின் மேலேயே இருக்கும். அதற்கு முந்தைய நிமிடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த நிமிடங்களில் நுரையீரலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். சராசரி ஆள் மூச்சை விட்டு முடித்த பிறகும் நெஞ்சுக்குள் இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். வெறும் காற்று என்றால் அதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜன் அரை லிட்டருக்கும் கீழே. உடம்போ நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் கேட்கும். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து மூச்சை நிறுத்திய கணத்திலிருந்து அந்தச் சேமிப்பைத்தான் உடம்பு தின்கிறது. முன்கூட்டியே மூன்று நிமிடம் மாஸ்க்கை முகத்தோடு இறுக்கிப் பிடித்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் நைட்ரஜன் வெளியேறி இடம் முழுக்க ஆக்சிஜன் நிரம்பும். நல்ல உடம்புக்காரர் அதன் பிறகு ஏழெட்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பார். நிமோனியாக்காரருக்கு அந்த இடத்தில் பாதி சளியும் நீரும். காய்ச்சல் வேறு செலவைக் கூட்டிவிடும். அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடமாக இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். மூணாறு உயரத்தில் காற்றழுத்தமே சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால் தொடக்கமே தாழ்வு. ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அப்புறம் சரிவு செங்குத்து.

இன்று அந்தக் கருவி விரல் கவ்வியாக மருந்துக் கடையில் கிடைக்கிறது. கோவிட் காலத்தில் லயங்களுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அது காட்டும் எண் கொஞ்சம் பழைய செய்தி. நுரையீரலில் நேர்ந்தது விரல் நுனிக்கு வந்து சேர அரை நிமிடம், ரத்த ஓட்டம் மந்தமானால் இன்னும் கூடுதல் பிடிக்கும். தேவிகுளத்து மார்கழிக் குளிரில் விறைத்த விரலில் சில நேரம் எண்ணே வராது. காது மடலுக்கு மாற்றுவோம். தோல் நிறமும் குறுக்கே வரும். 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு நான்கு பேர் போல, கறுப்பினத்தவரில் பன்னிரண்டு பேர் போல. நம் மக்களின் தோலுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 93ஐப் பார்த்து நிம்மதியடையாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முறைகள் மாறியிருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ட்யூப் போடும்போது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு ஆக்சிஜன் 80க்குக் கீழே சரிந்தது. மூன்று பேருக்கு இதயமே நின்றது. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே கதிதான் என்று அது சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 2016இல் அகில இந்தியக் கடின சுவாசப்பாதைச் சங்கம், முயற்சி நடக்கும்போதும் மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடட்டும் என்று வழிகாட்டியிருந்தது. 2024இல் வந்த இன்னோர் ஆய்வில், வெறும் மாஸ்க்குக்குப் பதிலாக முன்கூட்டியே அழுத்தத்தோடு காற்றூட்டும் மாஸ்க் வைத்தபோது ஆக்சிஜன் சரிவு கண்டவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தார்கள். தலைமாட்டை உயர்த்தி, மாஸ்க்கை இறுக்கி, ஒரு சிஸ்டரை மானிட்டர் முன்னால் நிறுத்தி "தொண்ணூற்றாறு, தொண்ணூற்றுநாலு" என்று உரக்கச் சொல்ல வைக்கிறோம். பழைய மெஷினில் ஆக்சிஜன் இறங்க இறங்கப் பீப் ஒலியும் தாழ்ந்துகொண்டே போகும்; கண் தொண்டைக்குள் இருந்தாலும் காது எச்சரித்துவிடும். இப்போது ஐசியுவில் இரைச்சல் தாங்காமல் அந்த ஒலியைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். ட்யூப் போடும் ஐந்து நிமிடமாவது அதைக் கூட்டி வையுங்கள்.

வாளையாரில் நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்குச் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வரும். சோதனைச் சாவடி வரிசையில் லாரி மாட்டிக்கொண்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். 2021 கோவிட் அலையில் அதே சாவடியைத் தாண்டி டேங்கர்கள் எதிர்த்திசையில் போயின. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் நாளொன்றுக்கு 149 டன் திரவ ஆக்சிஜன் தயாரிக்கும் ஐநாக்ஸ் ஆலை இருக்கிறது. கேரளத்துக்குப் போக தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் அங்கிருந்து ஆக்சிஜன் போனது. பாலக்காட்டுக்கு இதைவிடப் பெருமை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மலைக்கு இன்னும் சிலிண்டர்தான். 1,500 லிட்டர் பி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று திறந்தால் நூறு நிமிடத்தில் தீர்ந்துபோகும். போடிமெட்டு வளைவுகளில் இறங்கித் தேனிக்கோ, அடிமாலி வழியாகக் கோட்டயத்துக்கோ போகிற ஆம்புலன்சில் எத்தனை சிலிண்டர் என்பதைக் கிளம்பும் முன்பே எண்ணியாக வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ட்யூப் போட்டு அனுப்பப்படும் நோயாளியின் சீட்டில் ட்யூப் அளவு ஏழரை, உதட்டருகே இருபத்திரண்டு சென்டிமீட்டர், போட்ட நேரம், போட்ட பிறகு ஆக்சிஜன் 98 என்று எல்லாம் இருக்கும். போடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது, நடுவில் எதுவரை இறங்கியது என்பது பல சீட்டுகளில் இருக்காது. அந்த இரண்டு எண்களுக்கும் கட்டம் போட்டு அச்சடியுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் நோயாளி கண் விழிக்காவிட்டால் அங்குள்ள டாக்டர் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.