3,500 கிலோ இழுக்கும் ஐயாமார்களுக்கு

பெறுநர்: பிக்கப் கம்பெனிகள் அனைத்தின் விளம்பரப் பிரிவு, குளிரூட்டிய அறை, உயர்ந்த மாடி.

அனுப்புநர்: கார் ஏற்றும் டிரெய்லரை இழுக்க ஒரு பிக்கப் தேடி அலைபவன், தம்போய், ஜொகூர் பாரு.

பொருள்: தங்கள் கையேட்டில் உள்ள பெரிய எண்ணும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன நட்சத்திரக் குறியும்.

மாட்சிமை தங்கிய ஐயாமார்களே, அம்மாமார்களே,

தங்கள் கையேடுகளை நான் பக்தியோடு படிப்பவன். முதல் பக்கத்தில் பிக்கப் மலை உச்சியில் நிற்கிறது. ஏறி வந்த ரோடு படத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஆற்றைக் கடக்கிறது. மூன்றாம் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் கதவில் சாய்ந்தபடி தூரத்தைப் பார்க்கிறார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். மாதத் தவணை முடியும் தேதியைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் தேவை சின்னது. மச்சானிடம் பழைய மெர்சிடிஸ் ஒன்று இருக்கிறது, டபிள்யூ123. 1970-களின் நடுவில் தொடங்கி பத்து வருடம் போல ஜெர்மனியில் செய்த வகை. நம்மவர்களில் ஒரு தலைமுறைக்கே அது கோயில் தேர் மாதிரி. அதை மூவாருக்குக் கொண்டுபோய்த் தகர வேலையும் சாயமும் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போக வழியில்லை, தரை ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது. ஆகவே டிரெய்லர். டிரெய்லர் என்றால் இழுக்க ஒரு பிக்கப். ஜொகூரில் இது ஒன்றும் விநோத ஆசையும் இல்லை. பாசிர் கூடாங்கில் 1986-லேயே பந்தயத் தடம் திறந்த மாநிலம் இது. காரைக் காரின் பின்னால் கட்டி இழுப்பவர்களை இங்கே யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம், எல்லாம் ஒரே வாசனைதான். விற்பனைத் தம்பி நல்ல பிள்ளை. “அண்ணே, இது மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்ணே. உங்க மெர்சிடிஸ் ரெண்டு போட்டாலும் அசையாது” என்றார். கையேட்டைக் காட்டினார். எண் கட்டை விரல் அளவில் இருந்தது. அதன் தலையில் ஒரு நட்சத்திரம். அது என்ன தம்பி என்றேன். கடைசிப் பக்கத்தின் அடிவரிசைக்குப் போய், போனில் படம் பிடித்து, விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினார். எழுத்து பிக்செல் பிக்செல்லாக உடைந்ததே தவிர வாசிக்க வரவில்லை. “ஏதோ கண்டிஷன்ணே” என்று முடித்துக்கொண்டார்.

அந்த ஏதோவைத் தேடி வீட்டில் உட்கார்ந்தபோதுதான் தங்கள் கலையின் ஆழம் புரிந்தது. தாய்லாந்தில் கட்டிய வண்டிகள் தெற்கே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அங்கே என்ன சொல்லி விற்கிறீர்கள் என்று பார்த்தேன். ரேஞ்சர் 3,500. டி-மேக்ஸ் 3,500. ஹைலக்ஸ் 3,500. நவாரா 3,500. பிடி-50 3,500. டிரைட்டன் மட்டும் நெடுநாள் 3,100-இல் இருந்தது, புது டிரைட்டன் வந்ததும் அதுவும் 3,500. எஞ்சின் வேறு, சட்டகம் வேறு, கியர்பெட்டி வேறு. விடை மட்டும் ஒன்று. என் பள்ளி வாத்தியார் இருந்திருந்தால் இத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற்றி, யாரைப் பார்த்து யார் எழுதினீர்கள் என்று கேட்டிருப்பார்.

ஆனால் நீங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு இரும்பு உருண்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லரை மாட்டும் அந்த 50 மில்லிமீட்டர் உருண்டைக்கு ஆஸ்திரேலியாவில் வரம்பு 3,500 கிலோ. ஐரோப்பாவிலும் 3,500-ஐத் தாண்டினால் டிரெய்லர் வேறு வகுப்புக்குப் போய்விடும், வேறு பிரேக் அமைப்பு கேட்பார்கள். வண்டியால் இழுக்க முடிகிற உச்சமும் இந்த எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விதி கோடு போட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு, அதைத் தசைவலிமை என்று படம் பிடித்திருக்கிறீர்கள். பாராட்டுகள்.

இனி நட்சத்திரக் குறிக்கு வருவோம். பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால்தான் 3,500. பிரேக் இல்லாததென்றால் 750. எல்லோருக்கும் இதுவும் ஒரே எண். மச்சான் இரவல் கேட்டு வைத்திருந்த டிரெய்லரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு அச்சு, நல்ல கனத்த இரும்பு, புதுப் பெயிண்ட். பிரேக் கிடையாது. “பிக்கப்புலதான் பிரேக் இருக்கே” என்றார் உரிமையாளர். அந்தக் கணக்கில், 1994-இல் வந்த கஞ்சில், எடை 700 கிலோவுக்குப் பக்கம், அதைக்கூட இதில் ஏற்றி இழுக்கக் கூடாது. டிரெய்லரின் சொந்த எடையே 750-ஐத் தொட்டுவிடும். ஆக, தங்கள் கட்டை விரல் எண்ணை நம்பி வாங்கியவன், பிரேக் இல்லாத டிரெய்லரில் தங்கள் கணக்குப்படி இழுத்துப் போகக்கூடியது வெறும் டிரெய்லரைத்தான். காற்றை ஏற்றிக்கொண்டு மூவாருக்குப் போய்வரலாம்.

சரி, பிரேக் உள்ளதாகவே ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். இடி வாங்கியதும் தானே பிடிக்கிற ஓவர்ரன் வகையோ, ஓட்டுநர் பக்கத்தில் பெட்டி வைத்து இயக்கும் மின்சார வகையோ, ஏதோ ஒன்று. அப்போதாவது 3,500 முழுதாக எனக்குக் கிடைக்குமா? வண்டி, டிரெய்லர், ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து ஒரு மொத்த எடை வரம்பு உண்டல்லவா, அதைத் தாங்கள் கையேட்டின் கொல்லைப்புறத்தில் குடிவைத்திருக்கிறீர்கள். 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் டிரெய்லருக்கு 3,500 போனால் மிச்சம் 2,500. நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம் உள்ள பிக்கப் வெறுமனே நின்றாலே 2,100 கிலோ இருக்கும். டீசல் டேங்க் நிரம்பியிருக்கிறது, பின்னால் தட்டு மூடி போட்டிருக்கிறார்கள், 50 சேருங்கள். கையில் 350. நான், மனைவி, மச்சான், மச்சான் மனைவி. நாங்கள் நால்வருமே நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம். முறுக்கு டின்னை யார் மடியில் வைப்பது என்று தங்கள் பொறியாளர்களிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

என் சுமை அவ்வளவு இல்லை என்பது வேறு விஷயம். மெர்சிடிஸ் 1,400, டிரெய்லர் 800, சக்கரமும் சாமானும் 100. மொத்தம் 2,300. தங்களில் யார் வண்டியானாலும் இதை இழுத்துவிடும். இதைக் கையேடு சொல்லியிருந்தால் ஒரு மாலையில் வேலை முடிந்திருக்கும். மாமாக் கடையில் ரேஞ்சர் கட்சியும் ஹைலக்ஸ் கட்சியும் தே தாரேக் ஆறும்வரை சண்டை போட்டது மிச்சம்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை எனக்குக் காட்டியவர் ஒரு போர்மேன். தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை. அறுபது வயதிருக்கும், கையேடு ஒன்றைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். வெறும் பிக்கப்பின் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு ஒரு சாணும் நாலு விரலும் என்று அளந்தார். பிறகு டிரெய்லரை மாட்டி, ஒரு பழைய காரை அதில் ஏற்றச் சொன்னார். கார் முன்னால் நகர நகர டிரெய்லரின் மூக்கு பிக்கப்பை அமுக்கியது. மறுபடி கையை விட்டார். சாண் மட்டும் இருந்தது, நாலு விரல் போய்விட்டது. “இது கொஞ்சம் கூட” என்று காரை ஒரு முழம் பின்னால் தள்ளச் சொன்னார். இரண்டு விரல் திரும்பி வந்தது. அங்கேயே சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னார். “இன்னும் பின்னால தள்ளினா மூக்கு லேசாயிடும் தம்பி. நெடுஞ்சாலைல வேகம் எடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டும். அது ஆட்ட ஆரம்பிச்சா வண்டி உன் பேச்சைக் கேக்காது.”

டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பதினைந்து விழுக்காடு வரை மூக்கில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. என் கணக்கில் குறைந்தது 230 கிலோ. அது பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிற கனம். இலை வில் தாழும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் வெண்ணெய் ஆகிவிடும். பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் அந்த 230 சேரும். அந்த மூக்குக் கனத்தில் எவ்வளவை வண்டி தாங்கும் என்று கேட்டுத்தான் ஒருவன் வண்டி எடுக்க வேண்டும். தங்கள் விற்பனைத் தம்பியிடம் கேட்டேன். தொடுதிரை பன்னிரண்டு அங்குலம் என்றார்.

எஞ்சினைக் குறைசொல்ல மாட்டேன். டி-மேக்ஸின் 1.9 லிட்டர் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, 3.0 லிட்டர் 450. என் சுமைக்குச் சின்னதே போதும், ஏற்றத்தில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். கியர்பெட்டி எண்ணெய் சூடாவதுதான் பெரிய கவலை. அமெரிக்கர்கள் இழுவை எண்ணைச் சோதிக்கவென்றே ஜே2807 என்று ஒரு சோதனை முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ் அணைக்குப் பக்கத்து ஏற்றம், 18 கிலோமீட்டர் நீளம். 38 டிகிரி வெயிலில், ஏர்கோன் முழுக் குளிரில் ஓட, முழுச் சுமையோடு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். முதலில் துணிந்து அந்தக் கணக்குக்கு மாறியது டொயோட்டா. மற்றவர்கள் எண் குறைந்துவிடுமே என்று சில வருடம் யோசித்துவிட்டுத்தான் வந்தார்கள். நம் வட்டாரத்துக்கும் ஒன்று எழுத வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, ஸ்கூடாய் ரோடு, சிங்கப்பூரிலிருந்து திரும்பும் மோட்டார் சைக்கிள் வெள்ளம், இரண்டு டன் பின்னால் கட்டியபடி முதல் கியரில் ஒன்றரை மணி நேரம். 64 கிலோமீட்டர் வேகம் கேட்க மாட்டோம், ஆறு போதும்.

யாருக்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. அங்சானா பேரங்காடியில் நிற்கும் பிக்கப்புகளில் கொக்கி உள்ளவை எத்தனை என்று ஒரு நடை நடந்து பாருங்கள். பயணிகள் கார் மேல் விழும் கலால் வரி பிக்கப் மேல் அந்த அளவுக்கு விழுவதில்லை, கணக்கில் அது வணிக வாகனம். ஆகவே லோரி என்று எழுதி, சொகுசுக் காராகப் பூசி, தோல் இருக்கை தைத்து விற்கிறீர்கள், குடும்பத்தோடு வாங்குகிறோம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, பாதிப் பேருக்கு அன்றுதான் தாம் வைத்திருப்பது டீசல் வண்டி என்றே உறைத்தது. மாதம் 200 வெள்ளி உதவித்தொகைக்கு மனுப் போட ஓடினோம். தாடிக்காரர் எதற்கும் ஓடவில்லை, இன்னும் தூரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆற்றைக் கடக்கும் ஆழம் என்று போட்டிருக்கும் அந்த 800 மில்லிமீட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மணி நேர மழைக்குப் பிறகு எங்களுக்கு உண்மையிலேயே உதவுகிற எண் அதுதான்.

விண்ணப்பம் ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் மணல் ஏற்றும் லோரி ஒவ்வொன்றின் கதவிலும் சுமையில்லாமல் எத்தனை கிலோ, சுமையோடு எத்தனை கிலோ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அதிகாரி மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே படிக்கலாம். துருப்பிடித்த பழைய லோரிக்கும் அந்த மானம் உண்டு. தங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலும், அந்த மலை உச்சி வண்டியின் கதவிலேயே, அதே வெள்ளைப் பெயிண்டில், வண்டியின் வெற்று எடை, அது சுமக்கும் எடை, எல்லாம் சேர்ந்த வரம்பு, மூக்கில் தாங்கும் கனம், பிரேக் இல்லாவிட்டால் 750 என்று எழுதுங்கள். தாடிக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றால் இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் 3,500-இல் 2,300-ஐ மட்டும் வேண்டி நிற்கும்
தம்போய்க்காரன்

பி.கு.: அந்த விற்பனைத் தம்பியைத் திட்டிவிடாதீர்கள். அவர் கையில் நீங்கள் கொடுத்த தாளில் அவ்வளவுதான் இருந்தது. மச்சானுக்கு ஒரு தட்டு லோரி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், அந்த லோரிக்காரருக்கு மூவாரில் ஒரு தங்கை இருக்கிறாராம், வாடகையைக் குறைத்துக்கொண்டார்.