குடிக்க முடியாத டீ: ‘டூ… டு…’ வாக்கியங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் பறவைகள், சங்க இலக்கியத்தில் உப்பு வணிகம், சங்க இலக்கியத்தில் வளையல் என்று ஆய்வேடுகள் நூலகங்களின் இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அனைவரும் நெருங்கிப் பழகிய ஒரு சமூகத்தைப் பற்றிய ஆய்வேடு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. தூக்க முடியாத அளவுக்குக் கனமான பெட்டி, நடக்க முடியாத அளவுக்குத் தளர்ந்த கிழவர், குடிக்க முடியாத அளவுக்குச் சூடான டீ, வகுப்பிலேயே உயரமான ராமன் ஆகியோரைக் கொண்டது அச்சமூகம். இங்கிலீஷ் பேப்பரில் ‘ரீரைட் அஸ் டைரக்டெட்’ என்ற வாழிடத்தில் இவர்கள் பல தலைமுறைகளாக வசிக்கிறார்கள். கிழவருக்கு இன்றுவரை ஒரு ஊன்றுகோல் வாங்கித் தர ஆளில்லை. பெட்டியைத் தூக்க இரண்டாவது ஆள் வரவில்லை. டீ ஆறவேயில்லை.

பெயரடை, ‘டு’ சேர்ந்த வினை, ஒப்பீடு ஆகியவை நடமாடும் வாக்கியங்களோடு இவ்வாய்வு நின்றுகொள்கிறது. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் ஆகியவை விடப்பட்டன. அவை விளைத்த துன்பம் தனி ஆய்வுக்குரியது.

2. மூலவர் வரலாறு

இச்சமூகத்தின் குலமுதல்வர்கள் ரென், மார்ட்டின் என்னும் இருவர். 1930களில் வெளிவந்த இவர்களது இலக்கண நூல் இன்றும் மறுபதிப்பு கண்டுகொண்டிருக்கிறது. இவர்களுள் பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர், நாவலாசிரியரும்கூட. 1924இல் வந்த அவரது ‘போ ஜெஸ்ட்’ நாவல், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்து பாலைவனத்தில் அல்லற்படும் மூன்று சகோதரர்களின் கதை. பாசிட்டிவ், கம்பாரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என ஒப்பீட்டுக்கும் மூன்று படிகள்தாம். இதைத் தற்செயல் என்று ஒதுக்க இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. சகோதரர்கள் பட்ட பாட்டை மாணவர்களும் படவேண்டும் என்பது ஆசிரியரின் உள்நோக்கமாக இருக்கலாம். மறுப்போர் சான்று காட்டுக.

3. டீச் சிக்கல்

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். ‘தி ஓல்டு மேன் இஸ் டூ வீக் டு வாக்.’ இதில் ‘டூ’வை நீக்கி எழுது என்பது கட்டளை. இதற்கு வகுப்பறையில் ஒரு சூத்திரம் உண்டு: ‘டூ’ இருந்த இடத்தில் ‘ஸோ’ போடு, பெயரடைக்குப் பின் ‘தட்’ போடு, எழுவாய்க்கு ஏற்ற ‘ஹி’யையோ ‘இட்’டையோ போடு, ‘கேனாட்’ போடு, மிச்சத்தை எழுது. ‘தி ஓல்டு மேன் இஸ் ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்.’ முழு மார்க்.

அதே சூத்திரத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் டீயின் மேல் ஏவிய மாணவன் எழுதுகிறான்: ‘தி டீ இஸ் ஸோ ஹாட் தட் இட் கேனாட் டிரிங்க்.’ அதாவது, டீ மிகவும் சூடாக இருக்கிறது. ஆகவே டீயால் குடிக்க முடியவில்லை. விடைத்தாள் திருத்துபவர் சிரித்துவிட்டு சிவப்பு மையில் சுழிக்கிறார். அடுத்த அறையில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

இங்கே மாணவன் தரப்பு வாதத்தை எடுத்துரைப்பது இவ்வாய்வின் கடமை. கிழவர் நடக்கவேண்டியவர். டீயோ குடிக்கப்படவேண்டியது. ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: பெயர், ‘இஸ்’, ‘டூ’, பெயரடை, ‘டு’, வினை. அந்த ‘டு’ வினைக்குச் சொந்தமாக எழுவாய் கிடையாது. நடப்பது யார், குடிப்பது யார் என்று அது வாய் திறப்பதில்லை. நடந்தால் கிழவர், குடித்தால் வேறு யாரோ என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகத்தைச் சூத்திரம் சொல்லித்தரவில்லை. சூத்திரத்தை நம்பியவன் மார்க் இழந்தான், நம்பாதவன் தப்பினான்.

இதில் சிக்குவது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. நோம் சாம்ஸ்கி, ஜான் மற்றவரை மகிழ்விக்கத் துடிப்பவன் என்ற வாக்கியத்தையும், ஜானை மகிழ்விப்பது எளிது என்ற வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அருகருகே வைத்துக் காட்டினார். ‘ஈகர் டு பிளீஸ்’, ‘ஈஸி டு பிளீஸ்’ என்று வேறுபாடு ஒரே பெயரடையில்தான். ஆனால் ஒன்றில் ஜான் மகிழ்விப்பவன், மற்றதில் மகிழ்விக்கப்படுபவன். அவர் மனைவி கரோல் சாம்ஸ்கி, 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளின் மொழி குறித்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணைக் கட்டிய ஒரு பொம்மையைக் காட்டி, இது ‘ஈஸி டு சீ’யா ‘ஹார்டு டு சீ’யா என்று கேட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுபிள்ளைகளில் சிலர் ‘ஹார்டு’ என்றனர். பொம்மைதான் பார்க்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் கண் கட்டியிருக்கிறதே! பொம்மைக்குப் பார்வையைக் கொடுத்த அப்பிள்ளைகளும் டீக்குத் தாகத்தைக் கொடுத்த நம் மாணவனும் ஒரே சிந்தனை மரபினர். அவர்களைப் பற்றிப் புத்தகம் வந்தது. இவனுக்குச் சுழி விழுந்தது.

திருத்துபவர் எதிர்பார்க்கும் விடை, ‘தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்.’ இந்த ‘ஐ’ எங்கிருந்து வந்தது? மூல வாக்கியத்தில் இல்லை. தேர்வெழுதும் மாணவனாகவும் இருக்க வழியில்லை. தேர்வறைக்குள் டீ வருவது மேற்பார்வையாளருக்கு மட்டுமே.

4. ராமனின் உயரம்

‘ராமன் இஸ் தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ்’ என்பதை ‘ராமன் இஸ் டாலர் தேன் எனி அதர் பாய்’ என மாற்றும்போது ‘அதர்’ விடுபட்டால் அரை மார்க் போய்விடும். இது நியாயமான தண்டனையே. ராமனும் அவ்வகுப்பில் ஒரு பையன். ‘அதர்’ இல்லாவிட்டால் ராமன் தன்னைவிடவும் உயரமாகிவிடுவான். யோகிகளுக்கே எட்டாத நிலை அது. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு வாய்ப்பதை இலக்கணம் அனுமதிக்காது.

ஆனால் உண்மை, பொய் பற்றி இலக்கணத்துக்கு இவ்வளவு கறார் கிடையாது. ‘ஈயமே உலோகங்களில் மிகக் கனமானது’ என்ற ஆங்கில வாக்கியத்தை மூன்று படிகளிலும் பிழையின்றி மாற்றினால் முழு மார்க் கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், தங்கம் 19.3 கிராம், ஆஸ்மியம் 22.6 கிராம். அடுத்த பாடவேளையில் இதே விடையை எழுதினால் கெமிஸ்ட்ரி ஆசிரியர் காதைத் திருகுவார். மணி அடிப்பதற்கும் அவர் உள்ளே வருவதற்கும் இடைப்பட்ட நேரம் வரை ஈயம்தான் கனம்.

இன்னும் வியப்பு, மூன்று படிகளிலும் எழுதிய பிறகும் ராமனின் உயரம் நமக்குத் தெரியாது என்பதுதான். ஒன்றாம் வகுப்பு ராமனுக்கும் மூன்று வாக்கியங்களும் பொருந்தும். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொன்ன நான்கு பொருள்களில் ஒப்பும் ஒன்று. அதிலும் இதே கதைதான். ஒப்பீடு பக்கத்தில் நிற்பவனைக் காட்டும், அளவைக் காட்டாது.

அளவு வேண்டுமென்றால் ‘டு’வைத்தான் அழைக்க வேண்டும். ‘ராமன் இஸ் டால் இனஃப் டு சேஞ்ச் தி பல்பு.’ ஸ்டூல் போடாமல் பல்பு மாற்றுவான் என்றதும் ராமன் நம் கண்முன் நிற்கிறான். செய்யவேண்டிய வேலை வந்து சேரும்வரை பெயரடை வெறும் பேச்சு. ‘டூ’ பெயரடைக்கு முன்னால் நிற்க, ‘இனஃப்’ பின்னால் நிற்பதன் காரணமும் இங்கே விளங்கும். அளவு மீறியவன் முண்டியடித்து முன்னே வருவான். போதும் என்ற மனமுள்ளவன் வரிசையில் பின்னால் நிற்பான்.

5. கள ஆய்வு

எஞ்சிய கேள்வி: எவ்வளவு சூடு ‘டூ ஹாட்’? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2016இல் வகைப்படுத்தியது. ஆக, விஞ்ஞானத்திடம் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணோடு இவ்வாய்வாளர் ஒரு டீக்கடை வாசலுக்குச் சென்றார்.

ஒரே பாய்லர், ஒரே டிகாக்‌ஷன். முதல் வாடிக்கையாளர் “நல்லா ஆத்திக் குடுங்க மாஸ்டர்” என்கிறார். மாஸ்டர் டபராவைத் தாழ்த்தி, கையை உயர்த்தி, இரண்டடி நீளத்துக்கு டீயை இழுத்து ஆற்றுகிறார். அப்படியும் அவர் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிறார். அடுத்தவர் லாரி டிரைவர். “ஆத்தாம குடுங்க” என்று வாங்கி, கிளாஸின் விளிம்பைப் பெருவிரலிலும் அடியை ஆள்காட்டி விரலிலும் கொடுத்து, ஓர் ஊது, ஓர் உறிஞ்சல் என்று முடித்துவிட்டு, “என்ன மாஸ்டர், சூடே பத்தல” என்று காசை வைத்துவிட்டுப் போகிறார். முதலாமவர் இன்னும் விளையாட்டுச் செய்திக்கே வரவில்லை.

ஆகவே சூடு டீயில் இல்லை; தொண்டையில் இருக்கிறது. கனம் பெட்டியில் இல்லை. தூக்குகிற கையில் இருக்கிறது. ‘டூ’ என்பது டீயைப் பற்றிச் சொல்வதுபோல் நடித்து, குடிப்பவனைப் பற்றிச் சொல்லும் சொல். அந்தக் குடிப்பவனைத்தான் வாக்கியம் ஒளித்து வைத்திருக்கிறது.

6. பரிந்துரைகள்

அ. டீயால் குடிக்க முடியவில்லை என்று எழுதிய மாணவனுக்குச் சூத்திரத்தைப் பின்பற்றியதற்கான மார்க் வழங்கப்பட வேண்டும். மீதியைச் சூத்திரம் எழுதிக் கொடுத்தவரிடம் பிடித்தம் செய்யலாம்.

ஆ. ராமனின் உயரத்தைக் கேள்வித்தாளிலேயே சென்டிமீட்டரில் அச்சிட வேண்டும். இயலாவிடில் ஒரு பல்பாவது கொடுக்க வேண்டும்.

இ. ‘டூ’வை நீக்கி எழுதுக என்று கேட்கும் இடத்தில், குடிக்கப்போவது யார் என்பதையும் ஒரு வரி தெரிவிக்க வேண்டும். குடிப்பவர் பேப்பர் படிக்கும் கட்சி என்றால் ‘ஸோ’, ‘தட்’, ‘கேனாட்’ எல்லாம் தேவைப்படும். லாரி டிரைவர் என்றால் ‘டூ’வை நீக்கினாலே போதும், மேற்கொண்டு எதையும் சேர்க்க வேண்டாம்.